மாரி மழைக்கு கராஜ் வளவுத் தண்ணி வாவிக்குப் போகுது: ஒயில் தொட்டி என்ன அளவில கட்டுறது?

வாவிக்கரை

வணக்கம். மட்டக்களப்பு களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு கராஜுக்கு மழைத்தண்ணி ஏற்பாடு செய்யவேணும். விவரம் இதுதான்:

மொத்தக் காணி 80 பேர்ச். பாதி தகரக் கூரை, மற்றப் பாதி திறந்த வளவு, கொன்கிறீற் போட்டது. திறந்த பக்கத்தில கழட்டின இஞ்சின், கியர்பொக்ஸ், பழைய பற்றறி, நாலஞ்சு ஒயில் பரல் கிடக்கு. சாய்வு மேற்கால, றோட்டோரக் கானுக்கு. கான் வாவியில போய் விழுது. கானிட அடி வளவு மட்டத்தில இருந்து ஒண்டரை அடி கீழ. மணல் தரை. மார்கழியில ரெண்டடி தோண்டினாத் தண்ணி. பக்கத்து வீட்டுக் கிணறு 35 மீற்றரில இருக்கு.

மேசன் பாஸ் சொல்றது: 4 அடிக்கு 4 அடி, 4 அடி ஆழத்தில ரெண்டு அறைத் தொட்டி, அதுக்குப் பிறகு ஒரு ஊறுகுழி. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் புதுப்பிக்கிறதுக்கு மழைநீர்த் திட்டம் ஒண்டும் வரைஞ்சு குடுக்கவேணும்.

1. இந்தத் தொட்டி காணுமா?
2. ஊறுகுழி சரியா?

தெளிநீர்

இரண்டாவதுக்கு முதலில் பதில்: வேண்டாம். மணல் தரை எண்ணெயை வடிகட்டாது, கீழே அனுப்பிவிடும். தரைநீர் இரண்டடியில் நிற்கும் இடத்தில் ஊறுகுழி என்பது கிணற்றுக்குக் குழாய் போட்ட மாதிரி. திட்ட வரைபடத்தில் அந்தக் குழியை வரைந்து கொடுக்கவும் வேண்டாம்.

இனித் தொட்டி. கூரைத் தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பீலி வைத்து, 110 மி.மீ. குழாயில் தனியாக எடுத்து நேரே கானுக்கு விடுங்கள். அது சேர்ந்தால் எல்லா அளவும் இரட்டிக்கும். (பழைய நாகத்தகடு என்றால் கூரையிலிருந்தும் துத்தநாகம் கழுவுப்படும். ஆனால் இங்கே பெரிய வில்லன் அதுவல்ல.)

மிஞ்சுவது 40 பேர்ச், ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். மணிக்கு 50 மி.மீ. மழை மாரியில் புதினமில்லை. வழிந்தோடும் பங்கு 0.9 என்று வைத்தால் மணிக்கு 45 கன மீற்றர், அதாவது செக்கனுக்குப் பன்னிரண்டரை லீற்றர். பாஸ் சொல்லும் தொட்டி 1.8 கன மீற்றர். தண்ணீர் அதற்குள் நிற்கும் நேரம் இரண்டரை நிமிடம்கூட இல்லை.

நேரத்தை விட மேற்பரப்புதான் முக்கியம். 150 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எண்ணெய்த் துளி, 28 பாகைத் தண்ணீரில், எண்ணெயின் அடர்த்தி 0.88 என்றால் மணிக்குச் சுமார் 6.4 மீற்றர் மேலேறும். 60 மைக்ரோன் துளி ஒரு மீற்றர்தான் ஏறும். விட்டம் பாதியானால் வேகம் காற்பங்கு, அதுதான் விதி. 45 கன மீற்றரை ஒன்றரைச் சதுர மீற்றர் பரப்பில் விட்டால் மணிக்கு 30 மீற்றர் வேகத்தில் தண்ணீர் துளியை இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியும் கறுத்த ஒயில் கொஞ்சம் தங்கும், மற்றதெல்லாம் வாவிக்கு. 60 மைக்ரோன் வரைக்கும் ஓடவிட்டே பிடிக்க 45 சதுர மீற்றர் தொட்டி வேண்டும், அல்லது சாய்தட்டுப் பெட்டி (உள்ளே சாய்வான தட்டுகள் அடுக்கி மேற்பரப்பைக் கூட்டிய பெட்டி) வாங்கவேண்டும்.

ஆகவே ஓடும் தண்ணீரைத் துரத்தாதீர்கள். முதல் தண்ணீரைப் பிடித்து, நிற்கவிட்டு, மெல்ல விடுங்கள். தளத்தில் கிடக்கும் எண்ணெய், பிறேக் தூசு, துரு எல்லாம் பெரும்பாலும் முதல் அரை அங்குல மழையில் வந்துவிடும். 12.5 மி.மீ., 1,000 சதுர மீற்றர், 0.9: பதினொன்றேகால் கன மீற்றர். 12 என்று கட்டுங்கள்.

உள்ளளவு 3.7 × 2.7 மீற்றர். அடியில் 0.45 மீற்றர் எப்போதும் நிற்கும் தண்ணீர், அதன் மேல் 1.2 மீற்றர் மழைக்கு. வெளியேறும் குழாய் 110 மி.மீ. டீ (T வடிவ மூட்டு): கிடைக்கால் 0.45 மட்டத்தில் சுவரைத் துளைத்துப் போகவேண்டும், கீழ்க்கால் தரையிலிருந்து 0.2 மீற்றர் வரை இறங்கவேண்டும், மேல்முனை உயர்ந்த நீர்மட்டத்துக்கும் மேலே திறந்திருக்கவேண்டும். மேல்முனையை மூடினால் சைபன் பிடித்து அடித்தண்ணீரையும், பிறகு எண்ணெயையும் உறிஞ்சிவிடும். வெளிப்பக்க மூடியில் 12 மி.மீ. துளை ஒன்று போட்டால் நிறைந்த தொட்டி சுமார் 20 மணித்தியாலத்தில் வடியும். 10 மி.மீ. என்றால் 28.

அதைவிட முக்கியமானது தொட்டிக்கு முன்னால் ஒரு பிரிப்பு அறை. தொட்டி நிறைந்த பிறகு வரும் மழை தொட்டிக்குள் போகவே கூடாது. போனால் பிடித்து வைத்த எண்ணெயை அதுவே கழுவிக்கொண்டு போய்விடும். அறையில் 0.6 மீற்றர் அகலத்தில் ஒரு வழிவு விளிம்பு, அதன் மட்டம் தொட்டியின் நிறைநீர் மட்டம். மணிக்கு 50 மி.மீ. மழைக்கு விளிம்பின் மேல் 50 மி.மீ. உயரத்தில் தண்ணீர் போகும், 100 மி.மீ. மழைக்கு 80. விளிம்புக்கு முன்னால் 200 மி.மீ. கீழிறங்கும் ஒரு தடுப்புப் பலகை, மிதக்கிற எண்ணெய் தாண்டாமல் இருக்க.

தாழ்நிலம்_கல்முனை

தெளிநீர் அண்ணாட கணக்குப் பிழையில்ல. ஆனா அந்தத் தொட்டி கண்டி மலையில சரிவரும், களுவாஞ்சிகுடியில சரிவராது. ரெண்டு காரணம்.

ஒண்டு, மிதப்பு. உள்வரும் குழாய் வளவு மட்டத்தில இருந்து கால் மீற்றர் கீழ எண்டு வைங்க. தொட்டித் தரை 1.9 மீற்றரில, அடித்தளம் 150 மி.மீ. சேத்தா 2.05. தரைநீர் 0.6 மீற்றரில நிண்டா தொட்டியைத் தண்ணி 1.45 மீற்றர் உயரத்துக்குத் தள்ளுது. வெளி அளவு 4 × 3, அப்ப 17.4 தொன் மேலால தள்ளும். கொன்கிறீற்ற நிறை, 150 மி.மீ. சுவரோட, 13.5 தொன். மாரியில சகதி அள்ளுறதுக்கு வெறுமையாக்கின அண்டைக்குத் தொட்டி எழும்பும். குழாய் எல்லாம் மூட்டோட முறியும். ரெண்டு மீற்றர் குழியை இந்த மணலில மார்கழியில வெட்டவும் ஏலாது, கரை சரிஞ்சுகொண்டே இருக்கும்.

ரெண்டு, போற இடம். துளை இருக்கிற மட்டம் வளவுக்குக் கீழ 1.45 மீற்றர். கானிட அடி 0.45 மீற்றரில. எப்படி வடியும்? மாரியில வாவி நிறைஞ்சு, அது கடலோட சேருற முகத்துவாரம் வெட்டுப்படுற வரைக்கும் கான் தண்ணி பின்னால ஏறி நிக்கும். ஈர்ப்பில வடிக்கிற யோசனையை விட்டுர வேண்டியதுதான்.

நான் சொல்றது இது. ஆழத்தைக் குறைச்சு அகலத்தைக் கூட்டுங்க. உள்ளளவு 5 × 4 மீற்றர், நிற்கிற தண்ணி 0.3, மழைக்கு 0.6. அதே 12 கன மீற்றர். தரை 1.15 மீற்றரில வரும். அடித்தளம் 200 மி.மீ., சுவர் 150. அப்ப தள்ளுறது 17.1 தொன், தொட்டிட நிறை 18.6 தொன். வெறுமையா இருந்தாலும் மட்டுமட்டா நிக்கும், நிற்கிற தண்ணியோட இன்னும் 6 தொன் கூட. அடித்தளத்தைச் சுத்திவர 300 மி.மீ. வெளியால நீட்டி அதுக்கு மேல மண் நிரப்பினா நிம்மதி. வெள்ளம் வளவு மட்டத்துக்கு வந்தா மட்டும் தள்ளுறது 30 தொன்னுக்கு மேல போகும், ஆனா அந்த நேரம் தொட்டியும் நிறைஞ்சுதான் இருக்கும். எப்படியும் துப்புரவு வேலையை ஆவணி, புரட்டாதியில வைங்க. கச்சான் அடிக்கிற காலத்தில தரைநீர் கீழ போயிருக்கும். ஐப்பசி முதல் மழைக்குத் தொட்டி துப்புரவா இருக்கவும் வேணும், ஏனெண்டா கோடை முழுக்கச் சேந்தது எல்லாம் அந்த மழையிலதான் வரும்.

வடிக்கிறதுக்கு அரைக் குதிரைவலு பம்ப் ஒண்டு காணும். மழை நிண்டு 12 மணித்தியாலம் சும்மா விடுங்க. 20 மைக்ரோன் துளிகூட அந்த நேரத்தில ஒரு மீற்றருக்கு மேல ஏறிரும். பிறகு மணிக்கு 1,000 லீற்றர் படி 12 மணித்தியாலம். உறிஞ்சுகுழாய் வாய் தரையில இருந்து 200 மி.மீ. மேல, மிதவைச் சுவிச் 0.3 மட்டத்தில நிப்பாட்டவேணும். பம்பை நுழைவுப் பக்கம் வைக்காதீங்க. சுழல் பம்ப் எண்ணெயையும் தண்ணியையும் அடிச்சுப் பால் மாதிரி ஆக்கிரும், பிறகு ஒரு நாள் நிண்டாலும் பிரியாது.

பிரிப்பு அறையில இருந்து கானுக்குப் போற குழாய் முனையில ஒருவழி மடல் வால்வு கட்டாயம். இல்லாட்டி கான் தண்ணி திரும்பி வந்து தொட்டியை நிரப்பும், உங்கட தொட்டி ஊர்த் தண்ணியைச் சுத்திகரிச்சுக்கொண்டு நிக்கும்.

தெளிநீர்

ஒப்புக்கொள்கிறேன். கான் அடி ஒன்றரை அடியில் என்று எழுதியிருந்ததைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன். 5 × 4 தொட்டியையே எடுங்கள்.

பம்ப் வருவதால் ஒரு நன்மை: வடிகட்டியை நிலத்துக்கு மேலேயே வைக்கலாம். 3 சதுர மீற்றர் பெட்டி, அடியில் துளையிட்ட 110 மி.மீ. குழாய், அதைச் சுற்றி 150 மி.மீ. உயரத்துக்கு 20 மி.மீ. சல்லி, மேலே 100 மி.மீ. சிறுசல்லி, அதன் மேல் 500 மி.மீ. கழுவிய ஆற்று மணல். மணிக்கு 1,000 லீற்றர் என்பது இந்தப் பரப்பில் மணிக்கு 0.33 மீற்றர், மணலுக்குச் சுகமான வேகம். கடற்கரை மணல் வேண்டாம், மிக நுண்ணியது, உப்பும் கூட. மேல் 30 மி.மீ. கறுத்து, தண்ணீர் தேங்கத் தொடங்கினால் அதை மட்டும் சுரண்டி எடுத்துப் புதிது போடுங்கள். சுரண்டியது எண்ணெய்க் கழிவு, குப்பையோடு போகக்கூடாது.

தொட்டியில் மிதக்கும் எண்ணெய்க்கு இலவம் பஞ்சு நல்லது. நைலோன் வலைப் பையில் அடைத்து மிதக்கவிடுங்கள். பஞ்சு நாரின் மேல் மெழுகு இருப்பதால் தண்ணீரைத் தள்ளி எண்ணெயை எடுக்கும். மரத்தூளும் தும்பும் தண்ணீரையே குடித்துத் தாழ்ந்துவிடும். அவை காய்ந்த தரையில் சிந்தியதை அள்ளுவதற்குத்தான்.

வாவிக்கரை

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணா. இன்னும் ரெண்டு கேள்வி. வாகனம் கழுவுற தண்ணியையும் இதே தொட்டிக்கு விடலாமா? சோப்பு, டீசல் எல்லாம் கலந்து வரும். மற்றது, கேற்றுப் பக்கம் றோட்டுத் தண்ணியும் வளவுக்குள்ள வருது.

தெளிநீர்

விடக்கூடாது. கழுவும் தண்ணீர் மழைத்தண்ணீர் அல்ல, தினசரிக் கழிவுநீர். சவர்க்காரம் எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக உடைத்துத் தண்ணீரோடு கட்டிப்போடும். ஐந்து மைக்ரோன் துளி மணிக்கு ஒரு சென்ரிமீற்றர்கூட ஏறாது. அது சேர்ந்தால் மழைத் தொட்டியும் வேலை செய்யாது. கழுவும் மேடைக்குக் கூரை, சுற்றிவர 100 மி.மீ. மேடு, தனிச் சகதிக்குழி, தனித் தொட்டி.

அந்தத் தண்ணீரில் உடைந்த துளிகளைத் திரட்டப் படிகாரம் வேண்டிவரும். அளவை ஜாடிச் சோதனையில் பிடியுங்கள்: 10 கிராம் படிகாரத்தை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்தால், அதில் 1 மி.லீ. என்பது ஒரு லீற்றர் கழிவுநீருக்கு 10 மி.கி. ஆறு ஜாடியில் 1 முதல் 6 மி.லீ. வரை விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் வையுங்கள். தெளிவாக வந்ததில் குறைந்த அளவுதான் உங்கள் அளவு. எல்லாம் கலங்கியே நின்றால் படிகாரத்தைக் கூட்டுவதற்கு முன் பீஎச் பாருங்கள். படிகாரம் காரத்தன்மையைத் தின்னும், மென்மையான தண்ணீரில் 6க்குக் கீழே இறங்கிவிட்டால் திரள் பிடிக்காது. ஒவ்வொரு 10 மி.கி. படிகாரத்துக்கும் ஏறக்குறைய 4 மி.கி. நீற்றின சுண்ணாம்பு சேர்த்துத் திரும்பச் செய்யுங்கள்.

கேற்றில் 100 மி.மீ. உயர, இரண்டு பக்கமும் ஒரு மீற்றர் சாய்வாக ஒரு மேடு போடுங்கள். றோட்டுத் தண்ணீர் வந்தால் 12 கன மீற்றர் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும்.

தாழ்நிலம்_கல்முனை

தொட்டி கட்டுறதுக்கு முதல் ஒரு சின்னக் கணக்குப் பாருங்க. ஒரு லீற்றர் ஒயில் 880 கிராம். அது முழுக்க முதல் அரை அங்குலத் தண்ணியில கலந்தா லீற்றருக்கு 78 மி.கி. உள்நாட்டு நீர்நிலைக்கு விடுற கழிவுநீருக்கு 2008ஆம் ஆண்டு வர்த்தமானி வச்ச எல்லை எண்ணெய்க்கு 10 மி.கி. அந்த எல்லைக்கு வரவேணுமெண்டா ஒரு லீற்றர் ஒயிலுக்கு 88,000 லீற்றர் தண்ணி வேணும். அப்ப ஒரு பரல் தளம்பிச் சிந்தினா என்ன தொட்டி கட்டியும் காணாது.

பரல், பற்றறி, இஞ்சின் மூண்டையும் கூரைக்குக் கீழ கொண்டு போங்க. பரலைச் சுத்திக் கட்டுற அணை 231 லீற்றராவது பிடிக்கவேணும், 210 லீற்றர்ப் பரலுக்கு அதுதான் 110 வீதம். அணையில வடிகுழாய் வைக்கவேணாம், வச்சா யாரோ ஒருத்தர் திறந்து விட்டுருவார். பற்றறிக்கு அமிலம் தின்னாத பிளாஸ்ரிக் தட்டு. ஈயத்துக்கு அதே வர்த்தமானியில எல்லை 0.1 மி.கி.தான். இந்தத் தொட்டி கரைஞ்ச ஈயத்தைப் பிடிக்கவே பிடிக்காது. எல்லாத்தையும் 2011 தையில வெள்ளம் நிண்ட மட்டத்துக்கு மேல வைங்க. 2024 கார்த்திகை வெள்ளத்தைப் பார்த்தவங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல.

நெல்மில்_சம்மாந்துறை

அஸ்ஸலாமு அலைக்கும். இதே தொட்டி நெல் மில்லுக்குச் சரிவருமா? எங்களுக்கு ஒயில் குறைவு. உமிச் சாம்பல் குவியல்தான் மழைக்குக் கரைஞ்சு கறுப்பா வாய்க்காலுக்குப் போகுது, பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வாறாங்க.

தெளிநீர்

வஅலைக்கும் ஸலாம். ஒயில் தொட்டி உங்களுக்கு உதவாது. சாம்பலில் பாதி மிதக்கும், பாதி தாழும், நுண்தூள் இரண்டும் செய்யாமல் நடுவிலே நிற்கும். தண்ணீரின் பீஎச்சும் ஏறும், 8.5க்கு மேல் விடமுடியாது. குவியலுக்கு மூன்று பக்கச் சுவரும் கூரையும் போடுவது எந்தத் தொட்டியையும் விடச் செலவு குறைவு. அதுவரைக்கும் தார்ப்பாய், கீழ்ப்பக்கம் மணல்மூட்டை. உமி மிதந்து வந்து குழாயை அடைக்கும், நுழைவில் 10 மி.மீ. இடைவெளிக் கம்பித்தட்டி வையுங்கள். நெல் அவிக்கும் தண்ணீரை மட்டும் இதோடு கலக்கவேண்டாம், அது வேறு சுத்திகரிப்பு.

மாதிரிப்போத்தல்

கட்டிய பிறகு கவனிக்கவேண்டியதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் இது.

தொட்டியை மூடி வையுங்கள், காற்றுத்துளைகளுக்கு நுண்வலை. திறந்து கிடந்தால் டெங்கு நுளம்பு, அதன் பின்னால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்). வலையில்லாத ஒரு துளை போதும்.

எண்ணெய்த் தடிப்பு பார்க்க இரண்டு முனையும் திறந்த தெளிவான குழாயை மெதுவாக இறக்கி, மேல்முனையைப் பெருவிரலால் அடைத்துத் தூக்குங்கள். 20 சதுர மீற்றரில் 5 மி.மீ. என்றால் 100 லீற்றர். அதற்கு முன்பே அள்ளிவிடவேண்டும். அள்ளியதை அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு (சட்டம் பட்டியலிட்ட ஆபத்தான கழிவு) உரிமம் உள்ளவரிடம் கொடுத்துச் சீட்டு வாங்குங்கள். வேலிக்கட்டைக்குப் பூசக் கேட்டு ஆட்கள் வருவார்கள், அது மழையோடு திரும்ப அதே கானுக்குத்தான் வரும். அடிச் சகதி 100 மி.மீ. ஆனால் வாருங்கள், 200இல் உறிஞ்சுகுழாய் வாய் இருக்கிறது.

உள்ளே இறங்குவதற்கு முன் மூடிகளை எல்லாம் திறந்து காற்றாட விடுங்கள். பெற்றோல் ஆவி அடியில்தான் தங்கும், சகதியிலிருந்து நச்சுவாயுவும் வரும். வெளியே ஒருவர் கயிற்றோடு நிற்கவேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பதுதான் இரண்டு சாவாக முடிகிறது. சாதாரண மின்விளக்கு, மோட்டர் எதையும் உள்ளே இறக்காதீர்கள்.

பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதில்தான் பலருக்குப் பிழைக்கிறது. எண்ணெய் மாதிரியை வாய் அகன்ற ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் எடுக்கவேண்டும். பிளாஸ்ரிக்கில் எடுத்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிவிடும், பெறுபேறு குறைத்துக் காட்டும். போத்தலை அந்தத் தண்ணீரால் அலசவும் கூடாது, வழியவழிய நிரப்பவும் கூடாது, இரண்டிலும் எண்ணெய்க் கணக்கு மாறும். வடிகட்டி வாயிலிருந்து, பம்ப் ஓடத் தொடங்கிய முதல் அரை மணி நேரத்துக்குள் ஒன்று, கடைசியில் ஒன்று எடுங்கள். முதலாவது நல்லது, கடைசி கூட என்றால் மிதவைச் சுவிச் கீழே இறங்கியிருக்கிறது, எண்ணெய்ப் படை உறிஞ்சுவாயை நெருங்குகிறது. கந்தக அமிலம் விட்டு பீஎச் 2க்குக் கீழே கொண்டுவந்து, ஐஸ் பெட்டியில் 4 பாகையில் அனுப்புங்கள். ஆய்வுகூடத்துக்குப் போத்தலை அப்படியே கொடுக்கவேண்டும், அதிலிருந்து பாதி ஊற்றிக் கொடுத்தால் அந்த மாதிரி செல்லாது. தண்ணீரில் கலங்கி நிற்கும் திண்மத்துக்கும் பீஎச்சுக்கும் வேறு போத்தல், அதில் அமிலம் விடவேண்டாம். எல்லைகள் முறையே 50 மி.கி., 6.0 முதல் 8.5. உங்கள் உரிமத்தில் வேறு இலக்கம் எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு.

வாவிக்கரை

5 × 4 தொட்டி, மேல வடிகட்டி, கேற்றில மேடு. வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறன். கழுவுற மேடையைத் தனியாப் போடுறன். மடல் வால்வு 160 மி.மீ. குழாய்க்குக் காணுமா, 225 போடவேணுமா?

தாழ்நிலம்_கல்முனை

225 போடுங்க தம்பி. இந்தத் தட்டையான காணியில 200 மீற்றருக்கு ஒரு மீற்றர் சாய்வு கிடைச்சாலே பெரிசு. அந்தச் சாய்வில 160 குழாய் நிறைஞ்சு ஓடினாலும் செக்கனுக்குப் பன்னிரண்டு பதின்மூண்டு லீற்றர்தான் போகும், 50 மி.மீ. மழைக்கே மட்டுமட்டு. மடல் ரப்பரா இருக்கட்டும், இரும்பு உப்புக்காத்துக்கு ஒரு மாரிக்குள்ள இறுகிரும். வாய்க்கு முன்னால கம்பித்தட்டி வைங்க. ஒரு சொப்பிங் பேக் மடலில சிக்கினாக் காணும், வால்வு இருந்தும் இல்லாத கணக்கு.